குறட்டையையும் அளந்து பார்க்க வேண்டும்



நம் தொழிலில் கண்மதிப்பு என்று ஒன்று உண்டு. மூட்டையை ஒரு தடவை அசைத்துப் பார்த்தே இத்தனை கிலோ என்று சொல்லும் சுமைத் தொழிலாளர்கள் நம் மண்டிகளில் இருக்கிறார்கள். துவரம் பருப்பை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்து ஈரம் உண்டா இல்லையா என்று சொல்லும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனாலும் மூட்டை தராசில் ஏறாமல் நாம் பில் போடுவதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

சரக்கில் இவ்வளவு கறாராக இருக்கும் நாம், உடம்பு விஷயத்தில், அதிலும் தூக்க விஷயத்தில், இன்னும் கண்மதிப்பிலேயே காலம் தள்ளுகிறோம். "அவருக்கென்ன, தலையைச் சாய்த்தால் குறட்டைதான், கொடுத்து வைத்தவர்" என்று பேசுகிறோம். அந்தக் குறட்டை வெறும் சத்தமா, அல்லது மூச்சு அடைபடுவதன் அடையாளமா என்பதைக் காதால் கேட்டு முடிவு செய்ய இயலாது. அதை அளந்து சொல்லும் முறை மருத்துவத்தில் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த முறையைப் பற்றி, நாம் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் நேரில் அனுபவித்தும் அறிந்தவற்றை நம் உறுப்பினர்களுக்காக இங்கே எழுதுகிறோம். நாம் மருத்துவர் அல்ல. பருப்பு, வத்தல் மொத்த வியாபாரி. ஆகவே கடைக்காரருக்குப் புரியும் கணக்கிலேயே சொல்கிறோம்.

மூச்சு நிற்பது எப்படி?

தூங்கும்போது உடம்பின் தசைகள் தளர்கின்றன. தொண்டையைச் சுற்றியுள்ள தசைகளும் தளர்கின்றன. சிலருக்கு இந்தத் தளர்ச்சியில் மூச்சுப் பாதை குறுகி, காற்று உரசிச் செல்லும்போது குறட்டைச் சத்தம் வருகிறது. வேறு சிலருக்கு அந்தப் பாதை முழுவதுமே அடைபட்டுப் போகிறது. நெஞ்சும் வயிறும் மூச்சு இழுக்க முயல்கின்றன. காற்று மட்டும் உள்ளே போவதில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை சட்டென்று விழித்துக்கொள்கிறது. பெரிய செருமலோ திணறலோ வந்து பாதை திறக்கிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இப்படி ஒரே இரவில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கலாம்.

இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் என்று தமிழில் சொல்லலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், விழித்த மூளைக்குக் காலையில் ஒன்றும் நினைவு இருப்பதில்லை. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்றுதான் நோயாளி சொல்வார். ஆனால் பகலில் கண் சொக்கும், காலையில் தலை வலிக்கும், வாய் வறண்டிருக்கும், இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். நாளடைவில் ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்காமல் நிற்பதும், இதயத் துடிப்பு தடம் மாறுவதும், பக்கவாதமும் இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடியவை.

நம் நாட்டில் இது அரிதான நோய் அல்ல. வேலை செய்யும் வயதிலுள்ள இந்தியர்களில் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று எய்ம்ஸ் மருத்துவ ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் மதிப்பிட்டார்கள். 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானபோது, இந்நோயையே காரணமாக மருத்துவர்கள் கூறினார்கள். அப்போதுதான் பலர் இந்தப் பெயரையே முதன்முதலாகக் கேட்டார்கள்.

முதல் சாட்சி வீட்டில்தான்

மற்ற நோய்களில் நோயாளியே சாட்சி. வயிற்று வலி என்றால் வலிப்பவர்தான் சொல்ல வேண்டும். இந்த நோயில் நோயாளி தூங்கிக்கொண்டிருப்பதால் சாட்சி பக்கத்தில் இருப்பவர்தான். மனைவி, கணவர், பிள்ளைகள், லாரியில் உடன் செல்பவர், கடையில் படுக்கும் பையன், இவர்கள் சொல்வதை மருத்துவர்கள் மிகவும் மதிக்கிறார்கள். குறட்டை திடீரென்று நிற்கிறதா, சிறிது நேரம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டுப் பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி.

"ஏங்க, குறட்டை கூடப் பரவாயில்லை, குறட்டை நின்னு போறப்பதான் பயமா இருக்கு" என்று நம் வீட்டம்மா சொன்னதுதான் நம்மை மருத்துவரிடம் அனுப்பியது. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் மருத்துவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். செல்போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து எடுத்துப் போனால் இன்னும் நல்லது. மருத்துவரிடம் போகும்போது வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள்.

தனியாகத் தூங்குபவர்கள், வெளியூரில் கடை வைத்துத் தனியாகத் தங்குபவர்கள் இந்தச் சாட்சி இல்லாமல் இருக்கிறார்கள். அவர்கள் பகல் தூக்கத்தையும் காலைத் தலைவலியையும் வைத்துத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கடை நடத்தும் நம் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இது ஆண்களுக்கு மட்டும் வரும் நோய் அல்ல. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் கூடுகிறது. பெண்களில் பலர் குறட்டையைச் சொல்லாமல், அசதி, தூக்கமின்மை, தலைவலி என்று மட்டும் சொல்வதால் நோய் தெரியாமலே போய்விடுகிறது. அதேபோல் ஒல்லியானவர்களும் விலக்கு அல்ல. தாடை சிறுத்தோ பின்னோக்கியோ அமைந்தவர்களுக்கு உடல் பருமன் இல்லாமலும் இது வரும்.

கேள்வித்தாள்: இது கண்மதிப்பு

மருத்துவர் முதலில் சில கேள்விகள் கேட்பார். இதற்கென்று உலகம் முழுவதும் பயன்படும் இரண்டு கேள்வித்தாள்கள் உள்ளன.

ஒன்று, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல். பகலில் எந்தெந்த நேரத்தில் கண் அயர்கிறது என்று 8 சூழ்நிலைகளைக் கேட்கிறது. படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, வண்டியில் ஒரு மணி நேரம் பயணியாகப் போகும்போது, பிற்பகலில் படுக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அமர்ந்திருக்கும்போது, போக்குவரத்து நெரிசலில் வண்டி நிற்கும்போது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது என்று பொருள்.

இரண்டாவது, கனடாவின் டொரண்டோ நகர மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஸ்டாப்-பேங் கேள்வித்தாள். இதிலும் 8 கேள்விகள்.

1. கதவு சாத்தியிருந்தாலும் கேட்குமளவு பலத்த குறட்டை உண்டா?
2. பகலில் அசதி, தூக்கக் கலக்கம் உண்டா?
3. தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. ரத்த அழுத்தம் உண்டா, அதற்கு மருந்து சாப்பிடுகிறீர்களா?
5. உடல் பருமன் குறியீடு 35க்கு மேலா? (5 அடி 5 அங்குல உயரமுள்ளவர் 95 கிலோவைத் தாண்டினால் இந்த அளவு வரும்.)
6. வயது 50க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? (சட்டைக் காலர் அளவு ஏறக்குறைய 16.)
8. ஆணா?

ஆம் என்றால் ஒரு மதிப்பெண். 2 வரை இருந்தால் சந்தேகம் குறைவு. 3 அல்லது 4 இருந்தால் நடுத்தரம். 5ம் அதற்கு மேலும் இருந்தால் சந்தேகம் அதிகம். ஆசிய நாட்டவருக்குக் குறைந்த பருமனிலேயே இந்நோய் வருவதால், ஐந்தாவது கேள்வியில் தேறிவிட்டோம் என்று நம்மவர்கள் நிம்மதி அடைய வேண்டாம்.

இந்த இரண்டு தாள்களையும் இன்றிரவே வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இவை மூட்டையை அசைத்துப் பார்ப்பது போன்றவை. யாரைத் தராசில் ஏற்ற வேண்டும் என்று சொல்லுமே தவிர, எடையைச் சொல்லாது. கேள்வித்தாளை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு கட்டக் கூடாது என்பதே தூக்க மருத்துவ வல்லுநர்களின் விதி.

அடுத்தது மருத்துவரின் பரிசோதனை. நுரையீரல் மருத்துவரிடமோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ செல்லலாம். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லித் தொண்டை எவ்வளவு இடைவெளியோடு இருக்கிறது என்று பார்ப்பார். டான்சில் வீக்கம், மூக்குத் தண்டு வளைவு, தாடை அமைப்பு ஆகியவற்றைக் கவனிப்பார். ரத்த அழுத்தம், எடை, கழுத்து அளவு குறித்துக்கொள்வார். தேவைப்பட்டால் சர்க்கரை, தைராய்டு சோதனைகளும் சொல்வார். தைராய்டு குறைவாலும் இதே அசதி வரும். அந்தக் குறைவே மூச்சுத் தடையைக் கூட்டவும் கூடும்.

தராசு: தூக்கச் சோதனை

நோயை உறுதி செய்வது தூக்கச் சோதனைதான். இதன் முழுப் பெயர் பாலிசோம்னோகிராபி. பெயர் நீளமே தவிர விஷயம் எளிது. ஓர் இரவு முழுக்க மூளை, கண், தசை, இதயம், மூச்சு, ஆக்ஸிஜன் ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது.

இந்தத் தராசு ஒரே நாளில் வந்ததல்ல. பிரான்ஸின் மார்செய் நகரில் காஸ்டோ என்ற மருத்துவர் குழுவும், ஜெர்மனியில் யுங், கூலோ என்ற மருத்துவர்களும், பகலில் ஓயாமல் தூங்கி வழியும் பருமனான நோயாளிகளை இரவு முழுவதும் பதிவு செய்து பார்த்து, தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நிற்பதை 1965இல் வெளியிட்டார்கள். விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கருவியின் தத்துவத்தை ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அவோயாகி 1974இல் வெளியிட்டார். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, அதே கருவிதான். சிகிச்சைக்கு உதவும் காற்றழுத்தக் கருவியை ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் குழு 1981இல் அறிமுகம் செய்தது.

சோதனை எப்படி நடக்கிறது என்பதை நாம் நேரில் அறிந்தபடி சொல்கிறோம். மதுரையில் ஒரு மருத்துவமனையில் இரவு எட்டரை மணிக்கு வரச் சொன்னார்கள். தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் வர வேண்டும்; எண்ணெய் இருந்தால் மின்முனை ஒட்டாது. மதியத்துக்கு மேல் காபி, டீ கூடாது, பகலில் தூங்கக் கூடாது, மது கூடாது. வழக்கமான மாத்திரைகளை, மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாத வரையில், வழக்கம்போல் சாப்பிடலாம். பெண்கள் விரலில் நகப்பூச்சு இல்லாமல் வர வேண்டும்.

தங்கும் விடுதி அறை போல ஒரு கட்டில். சோதனைப் பணியாளரான இளைஞர் ஒருவர் தலையில் சில இடங்களிலும், கண்களின் ஓரத்திலும், மோவாயிலும், கால்களிலும், நெஞ்சிலும் மெல்லிய கம்பிகளை ஒட்டினார். மூக்கின் அடியில் ஒரு சிறு குழாய். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. விரலில் ஆக்ஸிஜன் கருவி. ஊசி எதுவும் இல்லை, வலியும் இல்லை. "இத்தனை கம்பியோடு எப்படித் தம்பி தூக்கம் வரும்?" என்று கேட்டோம். "எல்லாரும் இதைத்தான் ஐயா கேட்பாங்க, அரை மணி நேரத்துல குறட்டை விடுவாங்க" என்றார். பாத்ரூம் போக வேண்டுமென்றால் குரல் கொடுத்தால் போதும். ஒரே இணைப்பைக் கழற்றி விடுவார்கள். பக்கத்து அறையில் அவர் இரவு முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வேலை உண்டு. தலைக் கம்பி, தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா, எந்த ஆழத்தில் தூங்குகிறோம் என்று சொல்கிறது. மூக்குக் குழாய், காற்று போய் வருகிறதா என்று சொல்கிறது. நெஞ்சுப் பட்டையும் வயிற்றுப் பட்டையும், மூச்சு இழுக்க உடம்பு முயல்கிறதா என்று சொல்கின்றன. காற்று இல்லை, ஆனால் நெஞ்சு முயல்கிறது என்றால் தொண்டையில் அடைப்பு. காற்றும் இல்லை, நெஞ்சும் முயலவில்லை என்றால் மூளையிலிருந்தே மூச்சுக்கு உத்தரவு வரவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்வதால்தான் சோதனை அவசியமாகிறது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

மறுநாள், பயிற்சி பெற்றவர் பதிவு முழுவதையும் பேரேடு போலப் பக்கம் பக்கமாகப் படித்து, தடைகளை எண்ணுகிறார். காற்றோட்டம் முற்றிலும் அல்லது ஏறக்குறைய முற்றிலும் 10 வினாடியாவது நின்றிருந்தால் அது ஒரு முழுத் தடை. காற்றோட்டம் 30 சதவீதமாவது குறைந்து, 10 வினாடியாவது நீடித்து, அதனால் ஆக்ஸிஜன் இறங்கியிருந்தால் அது ஒரு பகுதித் தடை. இரண்டையும் கூட்டி, தூங்கிய மணி நேரத்தால் வகுக்க வேண்டும். வருகிற எண்ணுக்கு ஏ.எச்.ஐ. என்று பெயர். மணிக்கு எத்தனை தடவை மூச்சுத் தடைபட்டது என்பதே அதன் பொருள்.

பெரியவர்களுக்கு இந்த எண் 5க்குக் கீழே இருந்தால் சாதாரணம். 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30ம் அதற்கு மேலும் கடுமையானது. 15ம் அதற்கு மேலும் இருந்தால், தொந்தரவு எதுவும் தெரியாவிட்டாலும் நோய் உண்டு என்றே கொள்கிறார்கள். 5 முதல் 15க்குள் இருந்தால், பகல் தூக்கம், ரத்த அழுத்தம் போன்றவை உடன் இருக்கின்றனவா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள்.

நமக்கு அன்றிரவு 6 மணி நேரத் தூக்கத்தில் 168 தடைகள். வகுத்தால் 28. மதியம் மூன்று மணிக்குக் கல்லாவில் கண் சொக்குவதை வயதுக் கோளாறு என்று நினைத்திருந்தோம். காரணம் அந்தத் தாளில் எண்ணாக அச்சடித்து வந்தது.

வீட்டிலேயே செய்யும் சோதனை

மருத்துவமனையில் தங்கக் கடையை விட முடியாது என்பவர்களுக்கு, வீட்டுக்கே கொடுத்தனுப்பும் சிறு கருவி உண்டு. மூக்குக் குழாய், நெஞ்சுப் பட்டை, விரல் கருவி மட்டும் இருக்கும். நாமே மாட்டிக்கொண்டு படுத்து, காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். செலவும் குறைவு. சந்தேகம் பலமாக உள்ள, வேறு பெரிய நோய் இல்லாத பெரியவர்களுக்கு இது ஏற்றது என்று மருத்துவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இதயம் பலவீனமானவர்கள், கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், தசை நோய் உள்ளவர்கள், தூக்கமே வராமல் அவதிப்படுபவர்கள் ஆகியோர் மருத்துவமனையில்தான் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

வீட்டுச் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. வணிகர்களான நாம் அதை எளிதில் புரிந்துகொள்வோம். பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் தலைக் கம்பி கிடையாது. ஆகவே எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று அதற்குத் தெரியாது. கருவி ஓடிய நேரத்தைத்தான் தெரியும். ஒருவர் 8 மணி நேரம் கருவியோடு படுத்திருந்தார். அதில் 5 மணி நேரமே தூங்கினார். 80 தடைகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். தூங்கிய நேரத்தால் வகுத்தால் 16, அதாவது நடுத்தர நோய். கருவி ஓடிய நேரத்தால் வகுத்தால் 10, அதாவது லேசான நோய். சாக்கோடு நிறுத்த எடைக்கும் சாக்கைக் கழித்த எடைக்கும் உள்ள வித்தியாசம் போன்றது இது. இங்கே விழித்திருந்த நேரமும் சேர்ந்து நோயைக் குறைத்துக் காட்டுகிறது. அதனால்தான், அறிகுறிகள் பலமாக இருந்தும் வீட்டுச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால், மருத்துவமனைச் சோதனையும் செய்து பார்க்கச் சொல்கிறார்கள்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் நாம் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

மணிக்கு எத்தனை தடைகள்? எந்த நேரத்தால் வகுத்தது? ஆக்ஸிஜன் மிகக் குறைந்தது எவ்வளவு, 90 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது? மல்லாந்து படுக்கும்போது மட்டும் கூடுகிறதா? அடைப்பா, மூளை உத்தரவுக் குறைவா? பகுதித் தடைக்கு ஆக்ஸிஜன் 3 சதவீதம் இறங்கியதை எடுத்தீர்களா, 4 சதவீதமா? இந்தக் கடைசிக் கேள்வியும் முக்கியம். இரண்டு கணக்கும் வழக்கத்தில் இருப்பதால், ஒரே இரவின் பதிவு இரண்டு மையங்களில் இரண்டு எண்களைத் தரக்கூடும்.

அளக்காமல் விட்டால்

அளக்காமல் விட்டதன் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு ரயில் விபத்தைச் சொல்லலாம். 2013 டிசம்பர் 1 ஞாயிறு அதிகாலையில் நியூயார்க் நோக்கி வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்ல வேண்டிய வளைவில் 82 மைல் வேகத்தில் வந்து தடம் புரண்டது. 4 பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். ஓட்டுநர் கண் அயர்ந்திருந்தார். அவர் மது அருந்தியவர் அல்ல. விபத்துக்குப் பிறகு தூக்கச் சோதனை செய்தபோதுதான் அவருக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருப்பது தெரிந்தது. சில நாட்களுக்கு முன்புதான் மாலை வேலையிலிருந்து அதிகாலை வேலைக்கு மாறியிருந்தார். அதுவரை யாரும் அவரை இந்நோய்க்காகச் சோதித்ததில்லை என்பதை அந்நாட்டு விசாரணை வாரியம் தன் அறிக்கையில் எடுத்துச் சொன்னது.

நம் தொழிலை நினைத்துப் பாருங்கள். இரவு ஒரு மணிக்கு லாரி வந்தால் இறக்க வேண்டும். விடியுமுன் காய்கறிச் சந்தைக்குப் போக வேண்டும். கொள்முதலுக்கு இரவோடு இரவாக வண்டி ஓட்டிக்கொண்டு போகும் உறுப்பினர்கள் பலர். தூக்க நேரம் குறைந்ததால்தான் கண் சொக்குகிறது என்று நினைப்பது இயல்பு. அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் விடுமுறை நாளில் நிறையத் தூங்கியும் அசதி போகவில்லை என்றால், தூக்கத்தின் அளவில் குறை இல்லை, தரத்தில் குறை இருக்கிறது என்று கொள்ள வேண்டும். சோதனை முடியும் வரை இரவில் வண்டி ஓட்டுவதை விட்டுவிடுங்கள். வண்டி ஓட்டும் உங்கள் பணியாளருக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்கள் குறட்டை விவரத்தை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸ்டாப்-பேங் கேள்வித்தாளே முதலில் அறுவை சிகிச்சைக்கு வருபவர்களுக்காக உருவாக்கப்பட்டதுதான். அதேபோல், தூக்கம் சரியில்லை என்று தாமாகவே தூக்க மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது இந்நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. மதுவும் அப்படியே, தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்.

விளம்பரங்களும் கைக்கடிகாரங்களும்

குறட்டைக்கு மூக்குக் கிளிப், மோவாய்ப் பட்டை, தலையணை என்று பல பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. சத்தம் குறையலாம். சத்தம் குறைவதும் மூச்சு சீராவதும் ஒன்றல்ல. அளக்காமல் வாங்கும் பொருள் எதற்குப் பயன்பட்டது என்று தெரியாமலே போய்விடும். சிலர் சோதனையே இல்லாமல் காற்றழுத்தக் கருவியை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அதுவும் தவறு. நோய் எவ்வளவு, எந்த அழுத்தம் பொருந்தும் என்று பார்த்துத்தான் மருத்துவர் அதை எழுதித் தர வேண்டும்.

இப்போது கைக்கடிகாரத்திலேயே இந்நோயைக் காட்டும் வசதி வந்துவிட்டது. சாம்சங், ஆப்பிள் நிறுவனங்களின் இத்தகைய வசதிகளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024இல் அனுமதி அளித்தது. ஆனால் அந்த அனுமதி எச்சரிப்பதற்குத்தான். நோயை உறுதி செய்வதற்கு அல்ல. கடிகாரம் எச்சரித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். எச்சரிக்கவில்லை என்பதற்காக, அறிகுறி உள்ளவர்கள் போகாமல் இருக்கக் கூடாது.

சோதனைக்குப் பின்

அளந்து முடித்தால் வழி பல உண்டு. லேசானவர்களுக்கு எடை குறைப்பதும், பக்கவாட்டில் படுப்பதும், மூக்கடைப்பைச் சரி செய்வதும் உதவலாம். சிலருக்குக் கீழ்த்தாடையை முன்தள்ளிப் பிடிக்கும் பல் சாதனம் பொருந்தும். சிலருக்கு டான்சில் போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். நடுத்தர, கடுமையான நோய்க்குப் பெரும்பாலும் சி-பேப் என்ற காற்றழுத்தக் கருவியைப் பரிந்துரைக்கிறார்கள். முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் அது காக்கிறது. நாமும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். முதல் இரண்டு வாரம் சிரமம், பிறகு பழகிவிட்டது. கருவிக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. மணிக்கு எத்தனை தடை மிஞ்சுகிறது என்று காட்டுகிறது. கடைசியாகப் பார்த்தபோது 3.

சோதனைக் கட்டணம் ஊருக்கு ஊர், மையத்துக்கு மையம் மாறுகிறது. இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துப் போகலாம். அந்த மையத்தில் இரவு முழுவதும் பணியாளர் இருப்பாரா, பதிவை மருத்துவர் நேரில் பார்த்துக் கையெழுத்திடுவாரா, அல்லது கணினி போட்ட கணக்கை அப்படியே தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், சோதனைக்கும் கருவிக்கும் பணம் கிடைக்குமா என்பதை முன்னதாகவே எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நல்லது.

இறுதியாக, நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கண் சிகிச்சை முகாமும் சர்க்கரை நோய் முகாமும் நடத்துகிறோம். அடுத்த முகாமில் ரத்த அழுத்தம் பார்க்கும் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை போடுங்கள். மேலே சொன்ன 8 கேள்விகளும் ஓர் அளவு நாடாவும் போதும். செலவு அதிகம் ஆகாது. உறுப்பினர்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு வீட்டில் உள்ளவர்கள்தானே பதில் சொல்ல வேண்டும்.